கடைசியில் விரியும் கை

– மறுபடியும் வேலிகாத்தான் பொதருக்குள்ளதான் போச்சி. நீயே போயி எடுத்துக்கோ மாமா. என் கால்ல ஏற்கெனவே முள்ளு ஏறிக்கினு கீது.

– கோச்சிக்காத கங்கம்மா. இருக்கறது ஒரே ஒரு கோல்ப்பு பந்து.

– அய்ய! வலை போட வேண்டிய வேளைல கம்ப புடிச்சிக்கினு மணல அடிச்சிக்கினு கீற. ஊரே சிரிக்குது.

– சிரிக்கட்டும். கும்முடிப்பூண்டி பாக்டரி ஆபிசருங்க ஆடற மைதானத்துல, அவங்க கம்பு பைய தூக்கற எங்களுக்குள்ள மேட்ச். ஜெயிக்கறவனுக்கு அங்கியே பர்மனென்ட்டு வேலை, தங்கறதுக்கு கோட்ரஸு. சும்மாவா?

– அத்த எனக்கே சொல்றியா? எங்கம்மா ஊடு வரைக்கும் சொல்லியாச்சி. பாத்திரமெல்லாம் சாக்குல கட்டியாச்சி. ஏரித்தண்ணிய நம்பி பொழச்சது போதும் மாமா. நாளைக்கு நீ ஜெயிச்சே ஆவணும்.

– ம்.

– இன்னா, ம்? சரி, அடி. எதுக்க குந்திக்கினு நான் பாக்கறேன்.

– நான் பை தூக்கற தொர சொல்லுச்சி, எல்லாம் மணிக்கட்டுலதான் கீதுன்னு. கம்ப பின்னால தூக்கறப்ப மடங்கணும், பந்துகிட்ட வந்தப்புறம்தான் நிமிரணும். நானும் அப்டிதான் செய்யறேன். பந்து வலது பக்கமே ஓடுது.

– உங்கூட பை தூக்கற அந்த சின்னராசு அடிச்சா?

– அவனுக்கு நேரா போவுது. அவன் வயக்காட்டுக்காரன், மம்முட்டி புடிச்ச கை.

– இன்னொரு தபா அடி. மெதுவா… நிறுத்து, நிறுத்து! கைய அசைக்காத. அப்டியே நில்லு.

– இன்னா கங்கம்மா?

– உன் வலது உள்ளங்கைய பாரு. வானத்த பாத்துக்கினு கீது.

– அதனால இன்னா?

– அய்ய, நீ வலை வீசற மாமா! வலை வட்டமா விழணும்னு கடைசில கைய விரிச்சி உடுவியே, அதே கை! கம்போட மூஞ்சியும் கூடவே தொறந்துக்குது. அப்பால பந்து வலது பக்கம் போவாம எங்க போவும்?

– அட… ஆமா. எனக்குத் தெரியாமலே விரியுதே.

– இந்தா, என் முந்தானைய புடி. ஈரத்துணி புழியற மாதிரி முறுக்கு. வலது கை இடது கை மேல உருளுது பாத்தியா? பந்துகிட்ட வந்ததும் அப்டி உருட்டு.

– உருட்டணும்… தள்ளி நில்லு. ஹும்!

– அய்யோ மாமா! நேரா போவுது! அந்தத் தோணிய தாண்டிடுச்சி பாரு, கோடு கிழிச்ச மாதிரி!

– இன்னொன்னு அடிக்கறேன், இரு. வெறும் கூழாங்கல்லு வெச்சே அடிக்கறேன்.

– அதுவும் நேரா! அவ்ளோதான், கோட்ரஸு நம்மளுதுதான். நாகமுத்து பொண்டாட்டின்னா இனிமே ஊரே எழுந்து நிக்கும். இன்னா, மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு கீற? உனுக்கு சந்தோசமா இல்லியா?

– நீ நேத்து பக்கத்துல நின்னு பாத்திருக்கலாம் கங்கம்மா.

– நேத்தா? நேத்து நீ மேட்சுக்கு பேர் குடுக்கத்தானே போன?

– பேர் குடுக்க இல்ல. கை எங்க தப்புச்சின்னு எனக்கே தெரியாம, உங்கிட்ட வந்து எப்டி சொல்றதுன்னு பயந்துக்கினு கெடந்தேன்… மேட்சே நேத்துதான்.