டென்ஸ் சார் விழுங்கிய எழுத்து

இன்னும் நெருக்கி உட்காருங்கள். அந்தச் சன்னலையும் சாத்திவிடுங்கள்... ம், போதும்.

விளக்குப் போடலாமா வேண்டாமா என்று கை தயங்கும் அந்திப் பொழுது. கிடங்குகளுக்குப் பின்னால் போகும் ரோடு. ஒரு பக்கம் கம்பி வேலி, மறுபக்கம் நீளமாக ஒரே சுவர். முன்னாலும் வண்டியில்லை, பின்னாலும் வண்டியில்லை. என் நண்பனுடைய அக்கா வீட்டுக்காரர் வகுப்பு முடிந்து காரில் தனியாக வருகிறார். ரேடியோ போடவில்லை. அப்போது பின் இருக்கையிலிருந்து...

ஸ்ஸ்ஸ்...

டயரில் காற்றுப் போகிறது என்று நினைத்து வண்டியை ஓரங்கட்டினார். இறங்கி உதைத்துப் பார்த்தார். நான்கும் கல்லு மாதிரி இருந்தன. மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்தால் ஒரு வாசனை. தண்ணீர் ஊற்றிக் கழுவிய சிமெண்ட் படியில் வருமே, அது. மறுபடியும் ஸ்ஸ்ஸ்... இந்தத் தடவை காதுமடலுக்குப் பக்கத்தில். பல்லைக் கடித்துக்கொண்டு ஒருத்தி ஒரே ஓர் எழுத்தைச் சொல்வது போல.

அது என்ன எழுத்து என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் திரும்பிப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினார்.

அவர் போலீஸ் ஸ்டேஷனில் மொழிபெயர்ப்பாளர். அவர்கள் குடியேறியிருந்த வெளிநாட்டு ஊரில் அதிகாரிகளுக்கு ஆங்கிலம்தான் தெரியும். நம்மாட்கள் தமிழில் சொல்வதை இவர் நடுவில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் சொல்வார். மாலையில், புதிதாக வந்தவர்களுக்கு ஆங்கில வகுப்பு. "'ஐ ஈட்'னா தினமும் சாப்பிடுறேன். 'ஐ ஏட்'னா சாப்பிட்டாச்சு, கையும் கழுவியாச்சு!" என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொடுப்பார். அதனால் ஊர் முழுக்க அவர் டென்ஸ் சார்.

ஒருநாள் தையல் கடையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி ஸ்டேஷனுக்கு வந்தாள். உதடு கிழிந்திருந்தது.

"என் வீட்டுக்காரர் என்னை அடிக்கிறாருங்க. தினமும் அடிக்கிறாரு. இன்னிக்கு வீட்டுக்குப் போனா கொன்னுடுவாரு..."

அதிகாரி டென்ஸ் சாரைப் பார்த்தார். சாருக்கு அந்த வீட்டுக்காரனைத் தெரியும். சீட்டாட்டக் கூட்டாளி. "ஹி பீட்ஸ் மீ" என்று சொல்லியிருக்க வேண்டும். இவர் "ஹி பீட் மீ" என்றார். கடைசி எஸ்ஸை மட்டும் விழுங்கிவிட்டார். அவ்வளவுதான்... அடிக்கிறான் என்பது அடித்தான் என்று ஆகிவிட்டது. கொன்றுவிடுவான் என்பதை வாயிலேயே எடுக்கவில்லை. ஏதோ பழைய சண்டை போலிருக்கிறது என்று அதிகாரி புத்தி சொல்லி அனுப்பிவிட்டார். அவள் டென்ஸ் சாரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். தனக்காக ஒருத்தர் பேசினாரே என்று.

அன்றைக்கே மாடிப்படியின் அடியில் செத்துக் கிடந்தாள். கால் வழுக்கி விழுந்தாள் என்றான் வீட்டுக்காரன். பார்த்தவர்கள் யாருமில்லை. ஊரும் விட்டுவிட்டது.

காரில் அந்தச் சத்தம் கேட்ட அன்று, டென்ஸ் சார் எல்லாவற்றையும் அக்காவிடம் கொட்டிவிட்டார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கே போய் உண்மையைச் சொல்லிடுங்க."

"சொன்னா வேலை போயிடும்டி. செத்தவ திரும்பியா வரப்போறா?"

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது.

மறுநாள் வகுப்பு. கடந்தகாலப் பாடம். வாயைத் திறந்தார்... வரவில்லை. "ஐ ஏட்" என்று சொல்லப் போனால் "ஐ ஈட்" என்று வருகிறது. "ஐ வென்ட்" என்பது "ஐ கோ" ஆகிறது. சார் விளையாடுகிறார் என்று எல்லோரும் சிரித்தார்கள். அவருக்குச் சட்டைக் காலர் நனைந்துவிட்டது.

வீட்டில் தமிழிலும் அதே கதி. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தவரிடம், "சாப்பிட்டீங்களா?" என்றால் "சாப்பிடுறேன்" என்பார். "தூங்கினீங்களா?" என்றால் அழுவார். "அடிக்கிறான்... என்னை அடிக்கிறான்." அக்கா சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். முதுகு முழுக்க அடிபட்ட தடம். ரத்தம் கட்டினால் நிறம் மாறி, மஞ்சளாகி மறைய வேண்டும் அல்லவா? இது மாறவேயில்லை. எப்போது பார்த்தாலும் இப்போதுதான் விழுந்த அடி மாதிரிச் செக்கச்செவேலென்று இருந்தது. டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார்.

கடைசியில் அக்காவே அவரை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அதே நாற்காலி. அதே அதிகாரி. அன்றைக்கு நடந்ததைச் சொல்லத்தான் வாயெடுத்தார்.

"ஹி பீட்ஸ்ஸ்ஸ் ஹெர்."

அதிகாரி விருட்டென்று எழுந்தார். யார், எங்கே என்று கேட்டார். டென்ஸ் சார் அந்த வீட்டைச் சொன்னார். அடிக்கிறான் என்று காதில் விழுந்த பிறகு யோசிக்க ஏது நேரம்? உடனே வயர்லெஸ்ஸில் வண்டியை அனுப்பச் சொன்னார். அதற்குள் டென்ஸ் சாரின் கண் எதிர்ச் சுவரில் குத்திட்டு நின்றுவிட்டது. குரல் மெலிந்து, கீச்சென்று...

"ஷி இஸ் புஷிங் ஹிம்."

அவள் அவனைத் தள்ளுகிறாள்.

போலீஸ் போனபோது வாசல் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. உடைத்துக்கொண்டு நுழைந்தார்கள். மாடிப்படியின் அடியில் அவன் கிடந்தான். முகம் முதுகுப் பக்கம் திரும்பியிருந்தது. உடம்பில் சூடு ஆறவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை.

டென்ஸ் சாருக்கு அன்றைக்கே பேச்சு சரியாகிவிட்டது. முதுகுத் தடமும் ஒவ்வொன்றாக மஞ்சளாகி மறைந்தது. "இப்பவாவது போய் முழுசாச் சொல்லிட்டு வாங்க" என்று அக்கா கெஞ்சினாள்.

"அவனே போய்ச் சேர்ந்துட்டான். இனிமே எதுக்கு? அதெல்லாம் முடிஞ்சு போச்சு" என்றார்.

முடிந்து போச்சு... அழகாக, தெளிவாக, கடந்தகாலத்தில் சொன்னார்.

போன வாரம் என் நண்பனுடைய மகளுக்குப் பிறந்தநாள். அக்கா முதல் நாளே நண்பன் வீட்டுக்கு வந்துவிட்டாள். டென்ஸ் சார் மட்டும் தன் வீட்டில் தனியாக இருந்தார். நண்பன் போன் போட்டான்.

"அத்தான், நாளைக்கு வந்துடுவீங்கல்ல?"

மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் ஒரு பெண்குரல். நிதானமாக, மரியாதையாக.

"வரமாட்டாருங்க."

போன் வைக்கப்பட்டது. நண்பன் மெல்லத் திரும்பினான். சமையலறை வாசலில் நின்று ஈரக்கையைத் துடைத்தபடி அக்கா கேட்டாள்:

"என்னடா, நாளைக்கு வந்துடுறாராமா?"