வடக்குச் சுவரில் ஒரு துளை

— கரண்டியக் கீழ வைங்க, பால்டிரி.

— வெச்சா சுண்ணாம்புச் சாந்து காஞ்சு போயிரும் அம்மணி. காலங்காத்தால குழைச்சது.

— காயட்டும். அந்த ஓட்டைய அடைக்கச் சொல்லி யாரு சொன்னா? நான் போட்ட வரைபடத்துல என்ன இருக்கு? குண்டு தொளைச்ச ஓட்டை அப்படியே இருக்கணும், மேல ஒரு கண்ணாடி. நான் பார்சிலோனாவுல இருந்து வண்டி ஓட்டிட்டு வர்றதுக்குள்ள கல்லு வெச்சு மூடிட்டு இருக்கீங்க!

— மூணு கல்லுதான் வெச்சிருக்கேன்.

— சனிக்கிழமை திறப்பு விழா. ஞாபகம் இருக்குல்ல?

— இருக்கு. அன்னைக்கு ஊரே இந்தக் கோயிலுக்குள்ள வரும். அதான் இன்னைக்கே மூடுறேன்.

— உங்களுக்கு ஆரம்பத்துல இருந்தே என் வேலை பிடிக்கல. பழைய மாதா கோயிலுக்குத் தக்காளி வளக்குற கூடாரம் போடுறாங்கன்னு மதுக்கடைல உக்காந்து சிரிச்சீங்களாமே?

— கூடாரம்னு சொன்னேன், ஆமா. அறுபத்தாறு வருஷம் வானத்தைப் பாத்துக் கிடந்த சுவருக்கு மேல கண்ணாடிக் காகிதத்தை இழுத்துக் கட்டினா வேற என்னன்னு சொல்றது? ஆனா அந்த இரும்பு வளைவு ஒவ்வொண்ணையும் ஏத்தினது யாரு? மேற்கால அந்த சல்லடைச் சுவரு, ஒரு செங்கல் விட்டு ஒரு செங்கல், நூல் புடிச்ச மாதிரி நிக்குதே, அது யாரு கட்டினது? நீங்க சொன்ன புதுசு எல்லாத்தையும் செஞ்சேன். இந்த ஒண்ண மட்டும் விட்டுருங்க.

— ஏன்னு சொல்லுங்க, விடுறேன்.

— விட்டுருங்கன்னா விட்டுருங்க.

— சொல்லலைன்னா இந்தக் கல்ல நானே பிடுங்குவேன்.

— நகம் உடைஞ்சு போகும். சே... சரி, குனிங்க. இன்னும் கீழ. இந்தாங்க டார்ச்சு. ஓட்டைக்குள்ள கைய விட்டுத் தடவுங்க. என்ன படுது?

— கீறல். நிறைய. குண்டுச் சிதறல் பட்டிருக்கும்.

— நான் பதினாலு வயசுல உளி பிடிச்சவன் அம்மணி. குண்டு விழுந்தா கல்லு உடையும். இங்க ஒரு கல்லு கூட உடையல. நடுவுல இருக்கிற சாந்தைச் சுரண்டி, கல்ல முழுசா உருவியிருக்கு. கீறல் எல்லாம் உள்பக்கம். வெளியில போய்ப் பாருங்க, ஒரு கோடு இருக்காது.

— உள்ள இருந்தா?

— நேத்து குப்பை அள்ளுனப்ப இது கிடைச்சுது. பீடத்துல வைக்கிற மெழுகுவத்தித் தண்டு. இரும்பு. முனையப் பாருங்க, எப்படி மழுங்கிப் போய்க் கிடக்குன்னு.

— கடவுளே... அப்போ குண்டு விழுந்து கூரை சரிஞ்சப்ப உள்ள இருந்தவங்க சாகல.

— மெதுவாப் பேசுங்க. பசங்க சாரத்துல நிக்கிறாங்க.

— எத்தனை நாள் ஆகியிருக்கும்?

— ரெண்டரை அடி கனமான சுவரு. எனக்குக் கடப்பாறை குடுத்தா ஒரு நாள். உள்ள இருந்தது பொம்பளைங்களும் பிள்ளைங்களும். வாசல் இடிஞ்சு மூடியாச்சு, ஒரே இருட்டு. கையில இந்தத் தண்டு. நீங்களே நினைச்சுப் பாத்துக்கங்க.

— யாருமே வந்து பாக்கலையா?

— முப்பத்தெட்டாம் வருஷத்து உள்நாட்டுச் சண்டை அம்மணி. எப்ரோ ஆத்துக்கு இந்தப் பக்கம் ஒரு படை, அந்தப் பக்கம் ஒரு படை, தலைக்கு மேல விமானம். ஊரு காலி. அடுத்த வருஷம் திரும்பி வந்தப்ப இடிபாட்டுக்கு அடியில பதினோரு பேரோட எலும்புதான். ஒவ்வொரு செப்டம்பரும் வெளியில நின்னு அந்தப் பதினோரு பேரைப் படிப்போம். ஒவ்வொரு பேருக்கும் ஊரே சேந்து பதில் சொல்லும்: 'ஒரு நொடியில் போனார், நோகாமல் போனார்.' அந்தச் சொல்லு இருக்கறதாலதான் இங்க வயசானதுங்க எல்லாம் தூங்குது. ஏழாவது பேரு கார்மெதா. எங்கம்மாவோட அக்கா.

— உங்கம்மா அன்னைக்கு எங்க இருந்தாங்க?

— அவங்க அப்பாவோட திராட்சைத் தோட்டத்துல. அதான் தப்பிச்சாங்க. எழுபத்தஞ்சு வயசு இப்போ. இதைப் போய்க் கண்ணாடி போட்டு, விளக்கு வெச்சுக் காட்டணுமா அவங்களுக்கு?

— பால்டிரி, எனக்குப் புரியுது. ஆனா அந்தப் பதினோரு பேரும் உயிரோட இருந்து போராடினதுக்கு இது ஒண்ணுதான் சாட்சி. உள்ள மாட்டிக்கிட்டவங்கள நீங்க இன்னொரு தடவை வெச்சு மூடுறீங்க.

— வாய அடக்கிப் பேசுங்க!

— அடிக்கணும்னா அடிங்க. ஆனா குண்டு ஓட்டைன்னு பொய்ப் பலகையும் நான் வைக்க மாட்டேன், உங்கள அடைக்கவும் விடமாட்டேன்.

— டேய் பால்டிரி! சாப்பாட்ட வெச்சுட்டு வந்தா பசிக்காதா உனக்கு?

— அம்மா! உள்ள வராத, தலையில பாதுகாப்புத் தொப்பி இல்லாம வரக்கூடாது இங்க!

— இத்தனை வருஷம் கழிச்சுக் காலெடுத்து வெச்சிருக்கேன், தொப்பியாமே தொப்பி. சனிக்கிழமை கூட்டத்துல என்னால முடியாதுடா, அதான் இப்பவே வந்துட்டேன். நீதான் அந்த பார்சிலோனாப் பொண்ணா? கூரை நல்லா வெளிச்சமா இருக்கும்மா.

— வாங்க, ரெமேய் அம்மா.

— ஏன்டா சுவத்துல முதுக ஒட்டிக்கிட்டு நிக்கிற?

— ஒண்ணுமில்ல. குண்டு விழுந்த ஓட்டை. பூசிக்கிட்டு இருக்கேன்.

— தள்ளு.

— அம்மா, வா போலாம், சோறு ஆறிரும்.

— தள்ளுடா. இவ்வளவு சின்னதா? அந்தக் கல்லு மூணையும் எடு.

— எதுக்கும்மா?

— எடுன்னா எடு. அன்னைக்கு இங்க இருந்த ஒரு கல்ல கார்மெதா முதுகால முட்டித் தள்ளினா. அடுத்த கல்லு பெரிசு, எத்தனை பேரு தள்ளியும் அசையல. எனக்கு ஒன்பது வயசு, குச்சி மாதிரி இருப்பேன். இதுக்குள்ள என் உடம்பு மட்டும்தான் நுழைஞ்சுது.

— நீ தோட்டத்துல இருந்தேன்னு...

— தோட்டத்துக்கு ஓடினேன். 'ஓடிப்போய் அப்பாவக் கூட்டிட்டு வாடி'ன்னு கார்மெதாதான் அனுப்பினா.

— ரெமேய் அம்மா, உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?

— வேண்டாம். அப்பா என்னைப் பாத்ததும் கடப்பாறையத் தூக்கிட்டாரு. மேல விமானம் சுத்திச் சுத்தி வருது. 'உள்ள யாராச்சும் உசுரோட இருக்காங்களா'ன்னு கேட்டாரு.

— நீ என்னம்மா சொன்ன?

— அவரும் போய்ட்டா எனக்கு யாருடா இருக்கா? 'யாருமில்லப்பா'ன்னு சொல்லிட்டேன்.