யோகலட்சுமிக்குக் கேட்காத குரல்

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் சங்கரபாண்டி அண்ணாச்சி அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! கடம்பூரிலிருந்தும் கயத்தாற்றிலிருந்தும் பேருந்தேறி வந்திருக்கும் அன்னையர்களே! கோவில்பட்டி மகளிர் உடற்பயிற்சி மன்றத்து மங்கையர்களே! காது மருத்துவனாகிய என் கனிந்த வணக்கம்.

வாழ்த்திவிட்டு அமரத்தான் வந்தேன். உங்கள் பயிற்சியாளர் யோகலட்சுமி விடவில்லை. "என் கதையைச் சொல்லுங்க டாக்டர். நான் சொன்னா அழுதுருவேன். நீங்கன்னா அழாமச் சொல்லுவீய" என்றார். சொல்கிறேன்.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு. பாட்டுக்கு ஆடிச் செய்யும் உடற்பயிற்சியான ஏரோபிக்ஸ் என்ற சொல்லே ஊருக்குப் புதிது. கடைவீதி மாடிக் கூடத்திலே யோகலட்சுமியின் வகுப்பு, ஆளுயர ஸ்பீக்கர்கள் இரண்டு. அடுப்படியே கதியென்று கிடந்த பெண்கள் ஆடினார்கள், ஓடினார்கள், வியர்வையிலே குளித்தார்கள். "இன்னுங் கொஞ்சம் சத்தமா வைங்க டீச்சர்!" என்றார்கள். வைத்தார். தரை அதிர்ந்தது, சன்னல் அதிர்ந்தது. செவி அதிர்ந்ததை யார் சிந்தித்தார்?

வீட்டுக்குப் போனால் யோகலட்சுமியின் காதுக்குள் வண்டு ரீங்கரிக்கும். கணவர் கண்ணபிரான் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். "ஏட்டி, கோவமா?" என்பாராம் அவர். கோபமா அது? இல்லை அய்யா, குறைபாடு!

பின்வரிசையிலே கேட்கவில்லையா? மைக்கைக் கூட்ட வேண்டாம் தம்பி. நான் நிறுத்திப் பேசுகிறேன்.

ஒரு மாலை, பின்வரிசையில் ஆடிய ராதாமணி அம்மாள் கால் பிசகி விழுந்தார். எலும்பு முறிந்தது. அலறினார். பாட்டை மீறி எவருக்குக் கேட்கும்? உதவி கேட்டுக் கையைத் தூக்கினார். தலைகளுக்கு நடுவே அந்தக் கை மட்டுமே யோகலட்சுமிக்குத் தெரிந்தது. உற்சாகம் என்று எண்ணி, "அப்படித்தான்! இன்னும் மேல தூக்குங்க!" என்றார்.

யாரோ பாட்டை நிறுத்தினார்கள். முனகல் கேட்டு எல்லோரும் ஓடினார்கள். யோகலட்சுமி மட்டும் நின்ற இடத்திலேயே, "ஏன் நிறுத்துனிய?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் என்னிடம் வந்தார். "பாட்டு ஓடும்போது யாருக்குமே கேக்கல டாக்டர். நின்ன பொறவும் எனக்கு மட்டும் கேக்கல."

சோதித்தேன். பேரொலி தினந்தோறும் தாக்கியதில் உட்செவியின் மெல்லிய உணர்விழைகள் மடிந்திருந்தன. "போனது திரும்பாது, மிச்சத்தைக் காக்கலாம். பக்கத்தில் நிற்பவர் சாதாரணமாகப் பேசினால் கேட்கிற அளவுக்குப் பாட்டைக் குறையுங்கள்" என்றேன்.

குறைத்தார். "இதென்ன, எழவு வீடு மாதிரி இருக்கு?" என்று சலித்துப் பலர் நின்றுவிட்டார்கள். ராதாமணி அம்மாள் மாவுக்கட்டோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடத்தின் நடுவே நாற்காலி போட்டு அமர்ந்தார். "நான் கத்துனது உங்கள்ல ஒருத்திக்காவது கேட்டுச்சாட்டி?" என்றார். அந்தக் கேள்வி வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. போனவர்களில் சிலர் திரும்பினார்கள், சிலர் திரும்பவேயில்லை.

காதிலே கருவி பொருத்திக்கொண்டு யோகலட்சுமி முதல் வகுப்பு எடுத்த அன்று எனக்குத் தொலைபேசியில் பேசினார். "பாட்டுக்கு அடியில எல்லாரும் மூச்சு வாங்குறது கேக்குது டாக்டர். எவளுக்கு முடியலைன்னு எனக்குத் தெரியுது."

தாய்மார்களே! உடலை வளர்க்க வந்த இடத்தில் செவியை இழப்பதா? ஒருத்தி வலியில் அழைத்தால் இன்னொருத்திக்குக் கேட்காத இடம், எத்தனை அழகாக ஆடினாலும், பயிற்சிக்கூடம் ஆகுமா?

பொறுமையோடு செவிகொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி. அந்தச் செவிகள் நெடுங்காலம் நலமாக இருக்கட்டும். வணக்கம்!