பதிமூணாவது முக்கோணம்

போடுறேம்மா, கையெழுத்து போடமாட்டேன்னு நான் எப்ப சொன்னேன்? பேனாவ அங்கயே வைங்க. எழுதியிருக்கறத மறுபடி ஒரு தடவ படிச்சுக் காட்டுனீங்கன்னா நல்லாருக்கும். ம்... ம்... ஆங், அந்த வரிதான். தொட்டாத் தெரியுற முக்கோண ஸ்டிக்கர முதலாளி ஸ்பாஸ் வாங்கித் தரவே இல்லை, அப்பிடித்தானே எழுதியிருக்கீங்க? சரி. அந்த வரி மேல விரல வச்சுக்கங்க. அதுக்கு வர்றேன்.

நான் அவன அடிச்சதப் பத்தி உங்க தாள்ல ஒண்ணுமே காணோமே? ஓ, அது போலீஸ் வேலையா. நீங்க லேபிள் பாக்குறதுக்கு மட்டுந்தான் ப்ளோவ்திவ்ல இருந்து வந்தீங்களா. இருந்தாலும் சொல்றேன். ஊரே வாய் வலிக்கச் சொல்லிட்டுத் திரியுது, அடிச்சவ சொன்னா என்ன?

அந்த ஆணியில தொங்குது பாருங்க, பீப்பாய் மூடி திருகுற இரும்பு ஸ்பேனர். ஒரு முழ நீளம். கழுவித்தான் மாட்டியிருக்கேன். ஸ்பாஸ் அந்த வாசல் வழியா வந்தான், என்னையப் பாத்தான், ஏதோ சொல்ல வாயத் தொறந்தான். தொறந்த வாய் மேலயே விட்டேன் ஒண்ணு. ரெண்டு பல்லு போயி லேபிள் மேசையில விழுந்துச்சு. அடுத்தது தாடையில. காஞ்ச வெறகப் பொளந்த மாதிரி சத்தம். விழுந்தான். விழுந்தவன் சும்மா கெடக்கக் கூடாதா? ரத்தத்தோட மறுபடி வாயத் தொறந்தான். மறுபடி விட்டேன். மூக்கு, வாய், மறுபடி வாய். எங்க பொம்பளைங்க பதினோரு பேரும் சுத்தி நின்னாளுங்க, ஒருத்தி என் கையப் புடிக்கல. அந்தக் கோடியில மூடி திருகிட்டு இருக்காளே தோன்கா, அவதான், போதும்டி வெலிச்கா, செத்துகித்துத் தொலைஞ்சான்னா நீ உள்ள போயிருவேன்னு கத்துனா. நிறுத்துனேன். மனசு எரங்கி ஒண்ணும் நிறுத்தல. கை மரத்துப் போச்சு.

நாற்காலிய ஏம்மா பின்னால தள்ளுறீங்க? உங்கள ஒண்ணும் செய்ய மாட்டேன். உக்காருங்க. காபி ஆறுது.

மறுநாள் ரொட்டிக் கடையில பாலாடைக்கட்டி வச்சுச் சுட்ட பனித்ஸா சூடா ஒரு தட்டு கட்டிக் குடுத்து, அக்கான்னா இவதான் அக்கான்னு வரிசையில நின்னவங்களுக்கெல்லாம் காட்டுனான் கடைக்காரன். தேவாலயத்துல பாதிரியார் என்னைய முன் வரிசைக்குக் கூப்புட்டார். பாவத்த மன்னிக்கிறதுக்கா, பாராட்டுறதுக்கான்னு எனக்கு விளங்கல. நான் பின்னாலயே நின்னுட்டு வந்துட்டேன்.

யாருக்காக அடிச்சேன்னு கேக்குறீங்களா? என் தம்பி ஆஸெனுக்காக. அப்பிடித்தான் எல்லாரும் சொல்றாங்க.

ஆஸெனுக்குக் கண்ணு ரெண்டும் கெடையாது. இருபத்தி நாலு வயசுல கல்குவாரியில வெடி முந்திருச்சு. பக்கத்துல நின்னவனோட தலையே போச்சு, இவனுக்குக் கண்ணோட போச்சு. கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் ஆகல, அன்னையில இருந்து என்கூடத்தான். ஆனா அவன் விரல் இருக்கே, அப்பிடி ஒரு விரல நீங்க பாத்திருக்க மாட்டீங்க. எங்க தோட்டத்துல அறுபது திராட்சைக் கொடி. தடவிப் பாத்தே கவாத்து பண்ணுவான், ஒரு மொட்டு தப்பா வெட்ட மாட்டான். கண்ணு இருக்கறவன் வெட்டுன கொடியத் தடவிட்டு, எந்தக் குருட்டுப் பய வெட்டுனான்னு கேப்பான். அவ்வளவு வாய். இப்ப அந்த வாய்தான் போச்சு.

நாங்க இங்க அடைக்கிறது என்னன்னு உங்களுக்குத் தெரியும். சாக்கடை அடைப்பு எடுக்குற காரத் தண்ணி. வெளிநாட்டுல இருந்து நீலப் பீப்பாயில வரும், இங்க லிட்டர் பாட்டில்ல ஊத்தி, நம்ம பாஷையில லேபிள் ஒட்டி அனுப்புவோம். சிவப்புக் கட்டத்துக்குள்ள ஒரு படம், கை மேல சொட்டு விழுந்து கையத் திங்கிற மாதிரி. ஒரு நாளைக்கு நானூறு ஒட்டுவேன். கோணாம ஒட்டுவேன், நீங்களே பாத்தீங்க. கண்ணு தெரியாதவனுக்குப் படமா முக்கியம்? அவனுக்குத்தான் அந்த முக்கோணம். புடைச்சுக்கிட்டு நிக்கும், விரல் பட்டாத் தெரியும். வீட்டுல ஆஸெனுக்கு நானே சொல்லிக் குடுத்தேன். டேய், இந்த மூணு கோடு விரல்ல தட்டுச்சுன்னா கிட்டயே போகாத, தட்டலைன்னா தைரியமா எடு, இது சட்டம்டா, ஐரோப்பா முழுக்க ஒரே சட்டம், எவனும் மாத்த முடியாதுன்னு. கெட்டிக்காரி மாதிரி சொன்னேன்.

பிப்ரவரியில, திராட்சைக் கவாத்து ஆரம்பிக்கிற த்ரிஃபோன் திருநாள் அன்னைக்கு நடந்துச்சு. முதல் கொடிய வெட்டுன ஒடனே, வெட்டுனவன் ஒரு வாய் குடிச்சுட்டு மீதிய வேருல ஊத்தணும்ல, அதுக்குப் போத்தல் தேடிட்டு உள்ள வந்திருக்கான். எங்க ஊருல ரக்கியாவ, அதான் வீட்டுல காய்ச்சுற சாராயத்த, எதுல ஊத்தி வைப்போம்? கையில கெடைச்ச பாட்டில்ல. எண்ணெய் பாட்டில், தண்ணி பாட்டில், எது காலியோ அது. எங்க வீட்டுல ரக்கியா இருந்ததும் இதே மாதிரி லிட்டர் பாட்டில்தான், இங்க இருந்து எடுத்துட்டுப் போனது. அன்னைக்குப் பாத்து, லேபிள் சுருங்கிப் போச்சுன்னு ஒதுக்கி வச்ச பாட்டில் ஒண்ணு, சரக்கோட, கழுவுற தொட்டிக்கு அடியில இருந்துச்சு. அதையும் நான்தான் எடுத்துட்டுப் போனேன். எங்க தொட்டி அடைச்சுக் கெடந்துச்சு.

எடுத்திருக்கான். சுத்தித் தடவியிருக்கான். லேபிள் தட்டியிருக்கும், பழைய பாட்டில்னா லேபிள் இருக்கத்தான் செய்யும். முக்கோணம் தட்டல. மூடி? ஆமா, சாதா மூடி. அமுக்கித் திருகுற மூடி தீந்து போயி ரெண்டு மாசமா சாதா மூடி போட்டுத்தான் அனுப்புனோம். அது ஸ்பாஸ் செஞ்சது. அதுல நீங்க எழுதுனது ஒரு எழுத்து மாத்த வேண்டாம்.

நான் கொல்லையில கொடிக்குச்சியக் கட்டிட்டு இருந்தேன். சத்தம் கேட்டுச்சு. மனுசன் சத்தம் இல்லம்மா அது. ஓடுனா, தரையில கெடந்து சொவத்த ஒதைக்கிறான். ஒதடு வீங்கி வெளிய தள்ளியிருக்கு, நாக்கு வெள்ளையா, வெந்த முட்டை மாதிரி. ரத்தமும் நொரையுமா மார்ல வழியுது. என்னைய நகத்தால பிராண்டுறான், இந்தா பாருங்க தழும்பு. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? எங்க ஊருல வெசம் குடிச்சவனுக்கு எல்லாரும் செய்யுறதச் செஞ்சேன். உப்புத் தண்ணியக் கரைச்சு ஊத்தி, தொண்டைக்குள்ள விரல விட்டு வாந்தி எடுக்க வச்சேன். முட்டி போட்டு அவன் மேல உக்காந்து எடுக்க வச்சேன். திமிறத் திமிற.

ஆஸ்பத்திரியில டாக்டர், சின்னப் பொண்ணு, உங்க வயசுதான் இருக்கும், வெளிய வந்து கேட்டா. உள்ள போகும்போது ஒரு தடவ வெந்திருக்கு, திரும்பி வரும்போது இன்னொரு தடவ வெந்திருக்கு, யாரு வாந்தி எடுக்க வச்சதுன்னு.  நான் கூடக் கொண்டு போயிருந்த பாட்டில என் கையில குடுத்து, படிங்கன்னா. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. நம்ம பாஷையில, தெளிவா, நான் ஒட்டுன லேபிள்ல. பத்து வருசமா ஒட்டுறேன், ஒரு நாளும் படிச்சதில்ல. கண்ணு ரெண்டும் இருந்து என்னத்துக்கு, சொல்லுங்க? அவனாவது தடவிப் பாத்தான்.

இப்ப வயித்துல ஓட்டை போட்டு, கொழாய் வழியாத்தான் கஞ்சி. பேச்சு கெடையாது. இனிமேயும் வராதாம். கண்ணு முன்னயே போச்சு, இப்ப வாயும் போச்சு. அந்த விரல் பத்தும்தான் மிச்சம்.

அஞ்சாம் நாள் நெனப்பு வந்துச்சு அவனுக்கு. பக்கத்துல உக்காந்திருந்தேன். என் கையத் தேடிப் புடிச்சான், உள்ளங்கைய விரிச்சான். விரலால கோடு போட்டான். ஒண்ணு, ரெண்டு, மூணு. முக்கோணம். நிறுத்துனான். மறுபடி போட்டான். மூணு கோடு, மெதுவா, நான் படிக்கத் தெரியாதவ மாதிரி. இல்லையே அக்கா, தடவிப் பாத்தேனே, இல்லையேங்கறான். ஏன் இல்லைன்னு கேக்குறான்.

ஸ்பாஸ் வாங்கித் தரலடான்னு சொன்னேன்.

அவன் தலைய ரெண்டு பக்கமும் ஆட்டுனான், எங்க ஊரு வழக்கப்படி, சரின்னு. கண்ணுக் குழியில தண்ணி வந்துச்சு. நான் எந்திரிச்சேன், நேரா பஸ்ஸப் புடிச்சேன், இங்க வந்தேன், ஸ்பேனர ஆணியில இருந்து எடுத்தேன். மீதிதான் சொல்லிட்டேனே.

ஸ்பாஸ் இப்ப பஸார்ஜிக் ஆஸ்பத்திரியில. தாடையக் கம்பி போட்டுக் கட்டியிருக்கு, ஈஸ்டர் முடிஞ்சுதான் அவுப்பாங்களாம். போலீஸ் காகிதமும் பேனாவும் குடுத்து, நடந்தத எழுதுன்னிருக்கான். ஈரத் தரையில வழுக்கி விழுந்துட்டேன்னு எழுதியிருக்கான். அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு எழுத்து எழுத மாட்டேன்னுட்டானாம். வழுக்கி விழுந்தானாம்! தன் பாட்டில்ல ஒருத்தன் வாய் வெந்துச்சேன்னு அவனுக்கு உறுத்துது, மூடி அவன் போட்டதுதானே. அந்த உறுத்தல்ல என்னையக் காப்பாத்துறான் படுபாவி. எனக்கு இத எப்பிடித் தாங்குறதுன்னு தெரியல. பதிலுக்குப் பொம்பளைன்னும் பாக்காம என்னைய நாலு அறை அறைஞ்சிருந்தா நான் நிம்மதியாத் தூங்குவேன்.

இப்ப இதுல நான் கையெழுத்துப் போட்டா என்னாகும்? ஸ்பாஸுக்கு மூடிக்கு அபராதத்தோட போயிரும், முக்கோணத்துக்குத்தான் ஜெயிலு, அப்பிடித்தானே சொன்னீங்க? தெரிஞ்சே எச்சரிக்கைய விட்டதுக்கு. எத்தனை வருசம்? ம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க.

எதுக்கு இப்ப அதச் சொல்றேன்னா... அம்மா, நானும் இவ்வளவு நேரமாச் சொல்றேன், ஸ்பாஸ் வாயத் தொறந்தான், வாயத் தொறந்தான்னு. ரெண்டு தடவ தொறந்தான். என்ன சொல்ல வந்தான்னு நீங்க கேக்கவே இல்லையே? போலீசும் கேக்கல. பாதிரியாரும் கேக்கல. தோன்காவும் கேக்கல. கோவத்துல அடிச்சேன்னே எல்லாரும் முடிவு பண்ணிட்டீங்க.

அழுதுகிட்டேதான் வந்தான் மனுசன். வெலிச்கா, நான் குடுத்தேனே அந்த ரோலுன்னான். அவ்வளவுதான் வந்துச்சு. மீதிய நான் வர விடல. பதினோரு பேரு காதுல விழுந்தா சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போயிரும், ஆஸென் காதுக்கு. காது நல்லாத்தானே இருக்கு அவனுக்கு.

இந்தாங்க, என் அலமாரிச் சாவி. மூணாவது கதவு. தொடைக்கிற துணிக்கு அடியில அந்த ஸ்டிக்கர் ரோலு இருக்கும், நீங்களே எடுங்க. திராட்சை பறிப்பு முடிஞ்ச வாரமே ஸ்பாஸ் என் கையில வாங்கிக் குடுத்தான். அந்தப் பொடி ஸ்டிக்கர உரிக்கணும்னா கையுறைய கழட்டணும், இல்லைன்னா ரப்பர்ல ஒட்டிக்கும். வெறுங்கையில உரிச்சா பாட்டில் கழுத்துல கசியுற காரம் நுனி விரலத் திங்கும். நேரமும் ஆகும், அஞ்சு மணி பஸ்ஸ விட்டா ஆறு கிலோமீட்டர் நடக்கணும். எந்தக் குருடன் வந்து தடவப் போறான்னு நெனைச்சேன். ஆமா, அந்த வார்த்தையேதான் நெனைச்சேன், அப்பிடியே எழுதிக்கங்க. அந்த வரிய அடிச்சுட்டு எம் பேரப் போட்டுக் குடுங்க, கையெழுத்து போடுறேன்.

ஆயிரம் முக்கோணம் சுத்துன ரோலு அது. எண்ணுனீங்கன்னா பதிமூணு குறையும். பன்னண்டு, முதல் நாள் ஒரே ஒரு பெட்டிக்கு ஒட்டுனது. பதிமூணாவது எங்க வீட்டுச் சமையல் மேடை ஓரத்துல இருக்கு. தம்பி தொட்டுத் தொட்டு விரல் பழகட்டும்னு எடுத்துட்டுப் போயி ஒட்டுனேன்.