முதல் வாளித் தண்ணீர்

காஸ்டிக் சோடா வாங்குவதாக இருந்தால் செதிலாக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள், மேடம். தூள் வேண்டாம், மூடியைத் திறந்ததுமே பறந்து மூக்கில் ஏறும். சாக்கடை அடைப்பு எடுக்க விற்கிறார்களே, அந்த டப்பாவும் வேண்டாம். அதில் வேறு என்னென்னவோ கலந்திருக்கும், சோப்பு உருப்படாது. சுத்தமானதா என்று கேட்டால் எந்தக் கடைக்காரரும் ஆமாம் என்றுதான் சொல்வார். லேபிளில் என்ன போட்டிருக்கிறது என்று நாமேதான் படித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் கேட்டது இது இல்லை என்று தெரியும். இங்கிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குச் சொல்ல வருகிறது.

சோப்பு செய்தது நாங்கள் இரண்டு பேர். நானும் என் நாத்தனாரும். அவளை எல்லாரும் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் போனபோது அவளுக்குப் பதினோரு வயது, தாய் தகப்பன் இல்லாத பெண். பேன் பார்த்தது, காய்ச்சலில் கூடவே உட்கார்ந்திருந்தது, கணக்கு வரவில்லை என்று அழுதபோது கூடச் சேர்ந்து முழித்தது, எல்லாம் நான்தான். எனக்குக் குழந்தை இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் போனார். அப்புறம் அந்த மாடி வீட்டில் இரண்டு அறையும் நாங்கள் இரண்டு பேரும்தான்.

சோப்பு அவள் யோசனை. பாதுகாப்பு என் பொறுப்பு. அலுமினியப் பாத்திரத்தை நான் பக்கத்திலேயே விடமாட்டேன், காஸ்டிக் அதை அரித்துத் தின்றுவிடும். எவர்சில்வர்தான். முதலில் தண்ணீர், அப்புறம்தான் செதில், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. செதில் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது, கொதித்துச் சீறி முகத்துக்கு வரும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கையுறை, கண்ணாடி இல்லாமல் டப்பாவைத் தொடக் கூடாது. டப்பா திறப்பதற்கு முன்னால் ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, கலக்குகிறவர் வலது காலுக்குப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். அதற்கு முதல் வாளி என்று பெயரே வைத்திருந்தோம். பட்ட இடத்தில் வினிகர் ஊற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். தப்பு. தண்ணீர்தான், உடனே, குறைந்தது இருபது நிமிஷம்.

"அண்ணி, இந்த டப்பாவுக்குப் பயப்படற அளவுக்கு நீங்க எங்க அண்ணனுக்குக்கூடப் பயந்ததில்ல" என்பாள். உண்மைதான், நானும் சிரிப்பேன்.

எங்கள் சோப்பை வாங்கி விற்ற மருந்துக் கடைக்காரருக்கு அவளைப் பிடித்துப்போனது. நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றும் இல்லை. கல்யாணம் முடிவானது. வேறு ஊரில் பெரிய கடை போடப் போகிறார், இரண்டு பேரும் அங்கேதான். "அண்ணி, நீங்க எப்ப வேணும்னாலும் வந்து எங்களப் பாத்துட்டுப் போங்க" என்றார். பார்த்துவிட்டுப் போகிறவள் விருந்தாளி. எனக்குக் கோபம் வரவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. அண்ணி என்று கூப்பிட ஒரு ஆள் இருந்தால்தானே நான் அண்ணி. ரத்த சம்பந்தம் என்று சொல்லி அவளை நிறுத்திவைக்கவும் முடியாது. போகாதே என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. மழைக்காலத்தில் மூடி சரியாக இறுகாமல், டப்பாவின் அடியில் செதில் ஈரம் கோத்துக் கட்டி தட்டிப் போயிருந்தது. கட்டியானதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்பதும் என் சட்டம்தான். அவள் கேட்கவில்லை. "இதை முடிச்சிட்டுப் போயிடறேன் அண்ணி. அப்புறம் நீங்க தனியா இந்தச் சனியனோட மல்லுக்கட்ட வேணாம்" என்றாள். கரண்டியால் குத்திப் பார்த்தாள், அசையவில்லை. மூச்சுபட்டு ஆவி படிந்ததென்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டாள். அளந்து வைத்திருந்த தண்ணீரை எடுத்தாள், டப்பாவுக்குள்ளேயே ஊற்றிக் கரைக்கலாம் என்று.

நான் ஜன்னலோரம் எண்ணெய் நிறுத்துக்கொண்டிருந்தேன். பார்த்தீர்களா என்று கேட்டீர்கள். பார்த்தேன். குட்டி, வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. வரவில்லையா, நான் விடவில்லையா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். வரவில்லை என்றே வைத்துக்கொள்வோம்.

அது சீறி மேலே வந்தது. அவள் அலறினாள், பாவம். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குனிந்து, வலது பக்கம் கையை விட்டாள். அவ்வளவு வலியிலும் வாளி இருக்கும் இடம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

நான் வேகமாகத்தான் போனேன். அவள் கை போய்ச் சேர்வதற்குள் வாளியைத் தூக்கி மேஜைக்கு அந்தப் பக்கம் வைத்தேன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"அண்ணி, வாளி. வாளி எங்க?"

"கொட்டிடுச்சும்மா. இரு."

"குழாய்ல..."

"தண்ணி வரல. கண்ணத் தேய்க்காத."

தேய்க்கக் கூடாது என்பது சரியான விஷயம்தான். அதனால் அவள் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். என்னைவிடப் பலசாலி, திமிறினாள். விட்டால் குழாயைத் தேடிப் போய்விடுவாள், அதனால் விடவில்லை. சுவர்க் கடிகாரம் எனக்கு நேராக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் தண்ணீர் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதற்கப்புறம் ஆட்டோ பிடித்துக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எவ்வளவு நேரம் கழுவினீர்கள் என்று டாக்டர் கேட்டார். இருபது நிமிஷம் என்றேன். பிடித்துக்கொண்டிருந்த நேரமும் அதுதான்.

வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது.

அன்று சாயங்காலம், ஆஸ்பத்திரியில் இருந்த அவளுக்கு மாற்றுத் துணி எடுத்துப்போக மருந்துக் கடைக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் விளிம்புவரை நிறைந்திருந்த வாளியைப் பார்த்தார். எங்கள் சட்டதிட்டம் அவருக்குத் தெரியும், குட்டி சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அன்றைக்குத் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார், பிறகு உங்கள் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதில் எனக்கு வருத்தமில்லை. கல்யாணத்தை நிறுத்தமாட்டேன் என்கிறாராம், அதுதான் எனக்குப் புரியவில்லை. எந்த ஆணாக இருந்தாலும் விலகிவிடுவான் என்றுதான் நினைத்தேன். நான் தப்புக் கணக்குப் போட்டது அந்த ஒரு இடத்தில்தான்.

ஆமாம், நான்தான் செய்தேன். அவள் சாகவேண்டும் என்று ஒரு நிமிஷம்கூட நினைத்ததில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான். அவள் உங்களிடம் என்மேல் குறை சொன்னாளா? "நான் எதையும் பாக்கல, அண்ணியக் கேளுங்க" என்று சொன்னதாக நீங்களே படித்துக் காட்டினீர்களே. பிரிந்து போக மனசு வருகிற பெண் அப்படிச் சொல்வாளா?

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது. ஆறு மணிக்கு அவளுக்குச் சொட்டு மருந்து விட வேண்டும், மருந்து விடும் முறை எனக்குத்தான் தெரியும். சும்மா விட்டுவிட முடியாது. முதல் சொட்டைத் தன் புறங்கையில் விடச் சொல்வாள். எரிகிறதா என்று கொஞ்ச நேரம் பார்ப்பாள். எரியவில்லை என்று தெரிந்த பிறகுதான் என் பக்கம் முகத்தைத் தூக்குவாள். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்த ஜாக்கிரதை.