தம்பி விரும்பிச் சாப்பிட்ட கறி

ஒரு கறியின் மணத்தை வைத்தே அதில் உப்புக் காணுமா காணாதா என்று என்னால் சொல்ல முடியும். பாலையூற்றில் யாரைக் கேட்டாலும் இதை ஒத்துக்கொள்வார்கள்.

என் தம்பி கனகசுந்தரம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். போன வருடம் இருதயம் பழுதாகி வீட்டோடு இருந்துவிட்டான். உப்புச் சேர்த்தால் உடம்பில் நீர் கட்டும், இருதயம் தாங்காது என்று கிளினிக்கில் டொக்டர் சொன்னார். நானும் கூடப் போயிருந்தேன். எல்லாம் நன்றாக விளங்கியது.

அவன் மனைவி நிருஜா அன்றைக்கே உப்புப் போத்தலைக் குசினியிலிருந்து எடுத்துவிட்டாள். காலையில் சமைத்து மூடி வைத்துவிட்டு ஓர்ஸ் ஹில்லுக்கு வேலைக்குப் போவாள். மத்தியானம் சோறு போட்டுக் கொடுப்பது நான். முதல் வாரம் முழுக்க அவன் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் தூக்கி வளர்த்த பிள்ளை, பட்டினி கிடக்க விடுவேனா? என் வீட்டிலிருந்து உப்பைச் சுடுநீரில் கரைத்துக் கொண்டுபோய்க் கறியில் விட்டேன்.

சட்டியை வழித்துச் சாப்பிட்டான். பின்னேரம் நிருஜா வெறும் சட்டியைப் பார்த்துப் பூரித்துப்போனாள்.

"மச்சாள், அவர் உப்பில்லாமலே பழகிட்டார்."

தம்பி சொன்னதுதான் என்னைச் சுட்டது.

"அக்கா, நிருஜாவின்ர கைப்பக்குவம் இப்ப உங்களையும் வெண்டிட்டுது."

மறுநாளிலிருந்து கொஞ்சம் கூடவே விட்டேன்.

கால் வீங்கியது. செருப்பு நுழையவில்லை. உப்புச் சேர்க்கிறீர்களா என்று கிளினிக்கில் நேர்ஸ் கேட்டபோது தம்பி இல்லை என்றான். அவன் பொய் சொல்லவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. டொக்டர் நீர் போகிற குளிசையைக் கூட்டிக் கொடுத்தார். அதிலிருந்து மூன்றாம் வாரம் மூச்சுத் திணறி இறந்துபோனான். அன்றும் வயிறாரச் சாப்பிட்டிருந்தான்.

இத்தோடு நான் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் எட்டாம் நாள் நிருஜா அவனுக்குப் பிடித்த பாரை மீன்குழம்பு வைத்துப் படைத்தாள். படையலுக்கு ருசி பார்ப்பதில்லை. அவளும் பார்க்கவில்லை, வழமைபோல உப்பும் போடவில்லை. பிறகு சாப்பிட உட்கார்ந்த சனம் முகத்தைச் சுளித்தது.

"இப்பிடித்தான் அவர் விரும்பிச் சாப்பிட்டவர். ஒரு நாளும் குறை சொல்லேல்லை," என்று அவள் அழுதாள்.

உடனே எல்லோரும் அவள் கையைப் புகழத் தொடங்கிவிட்டார்கள். உப்பில்லாத கறியையும் ஒரு மனிதனை ரசித்துச் சாப்பிட வைத்த கை என்றார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதனால்தான் கூப்பிடாமலே பொலிசுக்கு வந்திருக்கிறேன்.

உப்பை விட்டது நான். அவன் அதனால்தான் செத்தான் என்றால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் அந்த ருசி என்னுடையது. அதை மட்டும் நிருஜாவின் பெயரில் எழுதிவிடாதீர்கள்.