வானொலியில் வந்த சாவு

எனக்கு இரைச்சல் ஒத்துக்கொள்ளாது. கண்டியில் இசைத்தட்டுக் கடை வைத்து, ரொக் பாட்டு விற்றவன் இப்படிச் சொன்னால் சிரிப்பீர்கள், ஐயா.

வீரய்யா கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பையன். தொண்டை கிழியப் பாடுவான். அவனைக் கொழும்புக்குக் கூட்டிப்போய் "ஏ பனிமலையே" பாட்டை என் செலவில் இசைத்தட்டாக்கினேன். பாட்டு அருமையாக வந்தது. வாங்கத்தான் நாதியில்லை.

உயிரோடு இருப்பவனை நம் சனம் திரும்பிப் பார்க்காது. செத்தால் தலையில் தூக்கிவைத்து ஆடும். அதனால் வானொலியில் அவனுக்கு மரண அறிவித்தல் கொடுத்தேன். சனிக்கிழமை கச்சேரி மேடையில் அவனை ஏற்றி, ஆள் மாறிவிட்டது என்று சொல்லிவிடலாம் என நினைத்தேன். அதுவரை கட்டுகஸ்தோட்டையில் ஓர் அறையில் ஒளித்துவைத்தேன்.

"அம்மா ரேடியோ கேக்குமே அண்ணே."

"ஆள் அனுப்பிச் சொல்லியாச்சு. நீ பாட்டப் பாரு."

யாரையும் அனுப்பவில்லை. தாய் கதறினால்தான் ஊர் நம்பும்.

அவன் தாய் நல்லம்மா கதறவில்லை. அறிவித்தலைக் கேட்டதும் லயத்து வரிசைவீட்டு வாசலில் சரிந்தவர் எழும்பவேயில்லை. மறுநாள் தோட்டத்திலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார்.

"பையன் பொணத்த எங்க வச்சிருக்கீங்க? ரெண்டு பேரையும் ஒண்ணாவே அடக்கம் பண்ணிருவோம்."

கடையில் இசைத்தட்டுக்குக் கூட்டம் முண்டியடித்துக்கொண்டிருந்தது. உடலை மகாவலி ஆறு கொண்டுபோய்விட்டது என்றேன்.

நல்லம்மாவுக்கு வேறு பிள்ளை இல்லை. கொள்ளிக்குடம் தூக்க ஆளில்லை என்று பெண்கள் அழுதார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. மொட்டையடித்துக்கொண்டு நானே தூக்கினேன். லயத்தில் அடுத்த காம்பரா வீட்டில் இருந்த பாலம்மா என் கையைப் பிடித்து, "தெய்வம் மாதிரி வந்தீங்கய்யா" என்றாள். வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. ஆனாலும் வீரய்யாவிடம் வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை மேடைக்குப் பின்னால் என் தலையைப் பார்த்துச் சிரித்தான்.

"பாட்டு ஓடணும்னு நேத்திக்கடனா அண்ணே?"

"ஆமாடா."

அன்று அவன் பாடிய பாட்டுக்கு மண்டபமே எழுந்து நின்றது. கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் தாய் போனதையும் நான் குடம் தூக்கியதையும் சொன்னேன். அவன் என்னை அடிக்கவில்லை, ஏசவில்லை. கிற்றாரைக் கீழே வைத்துவிட்டுக் கலஹாவுக்கு நடந்தான். அதன்பிறகு எங்கும் பாடவில்லை.

அந்தத் தாயைக் கொன்றது நான்தான். வாக்குமூலமாக எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இன்றுவரை எனக்கு ஒழுங்கான தூக்கமில்லை. ஆனால் ஒன்றுதான் விளங்கவில்லை, ஐயா. ஒரு மகன் செய்யவேண்டிய காரியத்தையெல்லாம் அவனுக்காக நான் குறைவில்லாமல் செய்தேனே, அதற்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் போய்விட்டானே.